வேலிக்கு அங்கால



கடந்த சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் கண்ணீர்க் கதைகளையே எழுதி வருகிறேன் என்று ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். "ஒரு மாதமாவது சிரிக்கிற மாதிரி ஒண்டு எழுதுங்கோ தங்கச்சி. அழுகிறதுக்கு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை" என்பது அவருடைய வேண்டுகோள். நியாயமான வேண்டுகோள்தான். ஆகவே இம்மாதம் ஒரு காதல் கதை. இரண்டு அயல் வீடுகள், நடுவில் ஒரு வேலி, அந்த வேலியால் நுழைந்த ஒரு காதல், அதனால் வந்த ரகளை. இக்கதையில் மற்ற எல்லோரையும் விட அதிகம் சிரிப்புக்கு ஆளாகிறவள் நான்தான் என்பதையும் முற்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இரு குடும்பங்களும் யாழ்ப்பாண நகரத்தை அண்டிய ஓர் ஒழுங்கையில் இருக்கின்றன. ஊரின் பெயரையோ ஆட்களின் பெயரையோ சொல்லப்போவதில்லை. கிழக்கு வீடு, மேற்கு வீடு என்றே அழைப்போம். எழுதியதை இரு வீட்டாருக்கும் வாசித்துக் காட்டி, வெட்டச் சொன்னதை வெட்டி, சம்மதம் பெற்ற பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன். மேற்கு வீட்டு அக்கா ஒரேயொரு திருத்தம் சொன்னார். "நான் அடிச்சது ஆறு தகரம். நீ எட்டெண்டு எழுதியிருக்கிறாய்." திருத்திவிட்டேன்.

வேலியும் பொட்டும்

பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் சமூகவியல் படித்தேன். குடும்பம், சாதி, வர்க்கம், அதிகாரம் என்று எல்லாவற்றுக்கும் வரைவிலக்கணம் எழுதிச் சித்தியடைந்தேன். வேலியைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. வேலைக்கு வந்த முதல் வருடத்திலேயே விளங்கிவிட்டது, யாழ்ப்பாணத்துக் குடும்பத்தை அறிய வேண்டுமானால் வேலியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று.

இப்போது பல இடங்களில் மதில்கள் எழும்பிவிட்டன. ஆனாலும் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைத்த வேலிகள் உள் ஒழுங்கைகளில் இன்னும் இருக்கின்றன. இந்தக் கதியால்களுக்கு ஒரு விசேட குணம் உண்டு. வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் அவை தாமாகவே அயலவரின் காணிப் பக்கம் ஓர் அங்குலம் நடந்து போகும். அப்படி நடந்த கதியால்களால் நீதிமன்றம் வரை நடந்த குடும்பங்கள் எத்தனையோ.

வேலியில் இன்னொன்றும் உண்டு. அதுதான் பொட்டு. வெளிமாவட்டச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன், இது நெற்றியில் வைக்கும் பொட்டல்ல. வேலியில் குனிந்து நுழையக்கூடிய ஓட்டையை எங்கள் ஊரில் பொட்டு என்போம். முதலில் நாய் போகும். பிறகு கோழி போகும். அதன் பின் குழந்தை தவழ்ந்து போகும். குழந்தையைத் தேடிக்கொண்டு தாய் போவாள். பிறகு உப்பு, புளி, நெருப்புப் பெட்டி, சீட்டுக்காசு, ஊர்ப்புதினம் எல்லாம் அதனூடாகவே போய்வரும்.

கிழக்கு வீட்டு அக்காவுக்கும் மேற்கு வீட்டு அக்காவுக்கும் நடுவில் அப்படியொரு பொட்டு இருந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது கிழக்கு வீட்டு அக்காவுக்கு 19 வயது. மேற்கு வீட்டு அக்கா 24 வயதில் புதிதாகக் கலியாணம் முடித்தவர். அன்று அவருக்குக் கடும் காய்ச்சல். கொட்டும் மழையில், தெருவை நிறைத்து நின்ற சனத்துக்குள், நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும் வரைக்கும் சின்னவர் பெரியவரைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் நடந்தாராம். (அதே இரவில் ஏழு வயதுப் பிள்ளையாக அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து போனவள் நான்.) தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் இரு குடும்பமும் மாதக்கணக்கில் ஒரே அடுப்பில் சமைத்தன. 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, வளவுக்கு வேலியும் இல்லை. "கூரை போட முதல் வேலியை அடைச்சனாங்கள். அடைக்கேக்கயே பொட்டையும் விட்டுத்தான் அடைச்சனாங்கள்" என்று மேற்கு வீட்டு அக்கா பெருமையாகச் சொல்வார்.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு, ஊரடங்கும் தட்டுப்பாடுமாக நாங்கள் இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடக் கடைசியில் ஒருநாள் கிழக்கு வீட்டு அக்காவின் கணவர் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனார். மாலையில் உடலைத்தான் கொண்டுவந்தார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது. 31 ஆம் நாள் அந்தியேட்டி முடியும் வரைக்கும் மேற்கு வீட்டு அக்கா தன் பாயைப் பொட்டால் கொண்டுபோய்க் கிழக்கு வீட்டில்தான் படுத்தார்.

இனி, கதை நடந்த 2024 ஆம் ஆண்டில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன். மேற்கு வீட்டில் அக்காவும் கணவரும், ஓட்டோ ஓட்டும் 27 வயது மகனும். பின்பக்கப் பத்தியில் அக்காவின் தம்பி. வன்னியில் இருந்தவர். 2009 மே மாதத்தில் மனைவியை இழந்தார். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, 2010 இல் ஒரேயொரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தார். பிள்ளைகள் இல்லை. வயது 51. தண்ணீர்ப் பம்பு திருத்துவார். வாய் திறப்பது அருமை. கிழக்கு வீட்டில் அக்காவும் 24 வயது மகளும். மகள் பட்டணத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள்.

ஒரு வீட்டில் கலியாண வயதுப் பெடியன். அடுத்த வீட்டில் கலியாண வயதுப் பெட்டை. நடுவில் ஒரு பொட்டு. நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஆறு தகரம்

ஆடிப்பிறப்புக் கழிந்து ஒரு கிழமை இருக்கும். மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும்போது மேற்கு வீட்டு அக்கா என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"பிள்ளை, உவள் பெட்டை என்ர பெடியனை வளைச்சுப் போட்டாள்."

சாட்சிகளை விரல்விட்டு அடுக்கினார். முதலாவது, பொட்டுப் பெருத்துவிட்டது. இவ்வளவு காலமும் குனிந்து போன பொட்டால் இப்போது நிமிர்ந்தே போகலாம். இரண்டாவது, இரவு ஒன்பது மணிக்கு வேலியோரம் கைத்தொலைபேசி வெளிச்சம் தெரிகிறது. ரோச் அடித்துப் பார்த்தால் ஆளில்லை. மூன்றாவது, தபாற்காரனைக்கூடப் படலையில் நிற்கவிடாத நாய், அந்த நேரம் வேலியடியில் குரைக்காமல் வாலாட்டுகிறது.

"நாலாவதைக் கேள். ஆடிப்பிறப்புக்கு ஒவ்வொரு வருசமும் அங்கால இருந்து ஒரு சட்டி கூழ் வரும். இந்த முறை ரெண்டு. பெரிய சட்டி ஒண்டு, மூடி போட்ட சின்னத் தூக்குச்சட்டி ஒண்டு. ஆருக்கடி இது தனியா எண்டு பெட்டையைக் கேட்டன். சிரிச்சுக்கொண்டு ஓடியிட்டாள். வாயில வைச்சுப் பார்த்தன். பனங்கட்டியே போடேல்லை, பிள்ளை! சமைக்கவும் தெரியாதவள் கலியாணம் கட்ட வெளிக்கிட்டிட்டாள்."

சகோதரிகளே, அந்தத் தூக்குச்சட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பச்சையரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவதுதான் ஆடிக்கூழ். பனங்கட்டி இல்லாவிட்டால் அது வெறும் கஞ்சி. அதை ஒரு மனிதன் ஆசையாக வாங்கிக் குடிக்கிறான் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். வழக்கின் முழுத் தீர்ப்பும் அந்தச் சட்டிக்குள்தான் இருந்தது. நானோ குறிப்புக் கொப்பியில் 'இளவயதுக் காதல், இரு குடும்ப முரண்பாடு' என்று தலைப்பு எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பொட்டு இருந்த இடத்தில் தகரம் ஏறியது. பொட்டை அடைக்க ஒரு தகரம் போதும். ஆத்திரத்துக்கு ஐந்து.

தகரம் அடைத்தது காதலை அல்ல, தண்ணீரை. கிணறு மேற்கு வீட்டு வளவுக்குள் இருந்தாலும் அது பங்குக் கிணறு. கிழக்கு வீட்டு உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. இதுவரை பொட்டால் போய்த் தண்ணீர் அள்ளியவர், இப்போது ஒழுங்கையைச் சுற்றிப் போய் முன்படலையால் நுழைய வேண்டும். மானம் விடவில்லை. மூன்றாம் வீட்டில் அள்ளத் தொடங்கினார். "உறுதியில கிடக்கிறதை அடைக்கேலாது, இணக்க சபைக்குப் போனா நாங்கள்தான் தோப்பம்" என்று மேற்கு வீட்டு அக்காவின் கணவர் சொல்லிப் பார்த்தார். வீட்டில் அவருடைய சொல் எடுபட்டு நாள் பலவாகிவிட்டது.

சீட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மேற்கு வீட்டு அக்காதான் ஒழுங்கைக்குச் சீட்டுப் பிடிக்கிறவர். அந்த மாதச் சீட்டு கிழக்கு வீட்டுக்கு விழுந்திருந்தது. கோபம் வேறு, கணக்கு வேறு. காசு ஒரு கடித உறைக்குள் வைத்து, கல்லில் கட்டப்பட்டு, தகரத்துக்கு மேலால் பறந்து போனது. அடுத்த நிமிடம் அதே கல், 'காசு கிடைத்தது' என்று கையெழுத்துப் போட்ட துண்டோடு திரும்பிப் பறந்து வந்தது. இரண்டு பெண்களும் சண்டை பிடிக்கும்போதுகூட ஒருவரையொருவர் ஏமாற்ற மாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

நான் கொடுத்த ஆலோசனை

கிழக்கு வீட்டு மகளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். உளவளத்துணைப் பயிற்சியில் சொல்லித் தந்தபடி கதிரைகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்வாகப் போட்டேன். ஒரு கிளாஸ் தண்ணீரும் முகம் துடைக்கக் கடதாசியும் எடுத்து வைத்தேன். பிறகு இருபது நிமிடம் பேசினேன். வயதின் ஈர்ப்பு, பெற்றோரின் நம்பிக்கை, தனித்து நின்று வளர்த்த தாயின் தியாகம் என்று ஒன்றையும் விடவில்லை. பிள்ளை தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று கடதாசியை நீட்டினேன். நிமிர்ந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"மிஸ், உவனோடயோ? உவனும் நானும் ஒரே பாயில கொப்புளிப்பான் வந்து கிடந்தனாங்கள். எனக்கு உவன் அண்ணன் மிஸ்."

வெளியே ஓட்டோவோடு நின்ற அண்ணனும் உள்ளே வந்தான். அவனுக்கு வேறு பயம். "அக்கா, எனக்கு வேற இடத்தில ஆள் இருக்கு. அம்மாட்டச் சொல்லிப் போடாதேங்கோ. ஒண்டுமில்லாததுக்கே ஆறு தகரம் அடிச்சவ. இது தெரிஞ்சா ஒழுங்கையையே அடைச்சுப் போடுவா."

"அப்ப பொட்டு ஏன் பெருத்தது? வெளிச்சம் ஆர் பிடிச்சது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. மகள் மெதுவாகச் சொன்னாள். "மிஸ், காதல் எங்கட ரெண்டு வீட்டுக்கும் இடையிலதான். ஆனா அது எங்களுக்கில்லை. பனங்கட்டி போடாத கூழ் ஆருக்கெண்டு யோசியுங்கோ. ரெண்டு வீட்டிலயும் சீனி வருத்தக்காரர் ஒராள்தான்."

எனக்கு வைத்த தண்ணீரை நானே எடுத்துக் குடித்தேன்.

கிழக்கு வீட்டு அக்காவின் கோவை எட்டு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. கோழிக்கூடு கொடுத்தது, தையல் மெசினுக்குக் கடன் எடுத்துக் கொடுத்தது, கடனைக் கட்டி முடித்தது எல்லாம் அதில் உண்டு. படிவங்களில் அவரை 'விதவை' என்றும் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்றும் 'பயனாளி' என்றும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இந்த எட்டு வருடத்தில் ஒருநாளாவது, இவருக்கு ஒரு மனிதர்மேல் விருப்பம் வரக்கூடும் என்று நான் நினைத்ததில்லை. மேற்கு வீட்டு அக்காவும் நினைக்கவில்லை. தம்பிக்குச் சீனி வருத்தம் என்பது அவருக்குத் தெரியாததா? பனங்கட்டி இல்லாத கூழை வாயில் வைத்துப் பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை. ஊரிலுள்ள பெண்களையெல்லாம் சந்தேகப்படுகிற நாங்கள், கணவனை இழந்தவளைச் சந்தேகப்படுவதற்குக்கூடக் கணக்கில் எடுப்பதில்லை. இதை மரியாதை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை.

கொப்பிக்குக் கீழே கொப்பி

அன்று பின்னேரமே கிழக்கு வீட்டுக்குப் போனேன். தையல் மெசினுக்கு முன்னால் தைக்காமல் இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்திலேயே கண்டுகொண்டார்.

"பெட்டை சொல்லிப் போட்டாள் என்ன?"

தொடங்கியது வேலியில் அல்லவாம், ஆஸ்பத்திரியில். அவருக்குப் பிறஷர், இவருக்குச் சீனி. இருவருக்கும் மாதத்தில் ஒரே கிளினிக் நாள். விடியவே போய் வரிசையில் கொப்பி வைக்க வேண்டும். "அவர் ஒண்டும் கதைக்கேல்லை பிள்ளை. தன்ர கொப்பிக்குக் கீழ என்ர கொப்பியையும் கொண்டுபோய் வைச்சார். அவ்வளவுதான். ரெண்டு வருசம் அப்பிடித்தான். ஒருநாள் பார்த்தா என்ர கொப்பியை மேல வைச்சுத் தன்ரயைக் கீழ வைச்சிருந்தார்."

"இரவில வேலியடியில என்ன கதைப்பியள்?" என்று கேட்டேன்.

"குளிசை போட்டாச்சோ எண்டு கேப்பார். போட்டாச்சு எண்டுவன். அவர் போட்டவரோ எண்டு நானும் கேப்பன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அழுதார். "ஒன்பது நாள் பிள்ளை. ஒன்பது நாள் என்ர பிள்ளையை ஒழுங்கை முழுக்கப் பேச விட்டுட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தன். அவள் எனக்காகப் பேச்சு வாங்கினவள். நானெல்லாம் ஒரு தாயோ?"

மேற்கு வீட்டு அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உப்பு முடிந்தாலும் சொல்கிறவர், இதை மட்டும் ஏன் மறைத்தார்?

"சொல்லத்தான் எத்தினையோ தரம் பொட்டடிக்குப் போனனான். என்னைக் கண்ட உடன 'பாவமடி நீ' எண்டுதான் அவ கதை தொடங்குவா. பதினெட்டு வருசம் என்னைப் பாவம் எண்டு தாங்கினவ. அந்தப் பாவத்துக்கு ஆசை வந்திட்டுது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பழைய சட்டம் சொல்வது

பயங்கள் வேறும் இருந்தன. தாய் மறுமணம் செய்தால் மகளுக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள்? சீதனமாக வந்த வீடு மகளுக்குப் போய்ச் சேருமா? இறந்த கணவரின் தமையன் ஒருவர், விசயம் காதில் விழுந்ததும், "தேசவழமையிலயே இல்லாத வழக்கம்" என்று சத்தம் போட்டாராம்.

தேசவழமையில் உண்டு, சகோதரிகளே. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், எங்கள் ஊர் வழக்கங்களை எழுத்தில் தொகுத்தபோதே, கணவனை இழந்த தாய் மீண்டும் கலியாணம் செய்தால் முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். முந்நூறு வருடத்துக்கு முன்னரே இங்கே பெண்கள் மறுமணம் செய்திருக்கிறார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? இல்லாத ஒன்றுக்கு யாரும் விதி எழுதுவதில்லை. இடையில் எப்போதோ நாங்கள்தான் அதை மறந்துவிட்டு, மறந்ததைப் பண்பாடு என்று சொல்கிறோம்.

வீட்டு விசயத்தில் மட்டும் கவனம் தேவை. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணி வீட்டை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. கணவனை இழந்து தனித்து நிற்கும் காலத்தில் அந்தத் தடை இல்லை. ஆகவே பிள்ளைக்கு என்று நினைத்த சொத்தை, தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு, மறுமணத்துக்கு முன்னரே எழுதிவிடுவது புத்தி. கிழக்கு வீட்டு அக்கா அப்படித்தான் செய்தார். அதற்கான நொத்தாரிசை அவரே தேடிப் பிடித்தார். வரப்போகிறவரோ நொத்தாரிசின் படியில் இருந்து, "எழுதியாச்சோ? அப்ப சரி" என்றார். அவர் பேசிய நீண்ட வசனங்களில் அதுவும் ஒன்று.

கணவர் காணாமற்போன சகோதரிகளின் நிலை வேறு. ஆளைக் காணக்கிடைக்கவில்லை என்று கொடுக்கும் சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது. சொத்து, உதவிப்பணம் போன்ற அலுவல்களுக்கு அது உதவும். ஆனால் அது மரணச் சான்றிதழ் அல்ல, திருமணத்தை முடித்துவைக்காது. இந்த வேதனையான விசயத்தில் அவசரப்படாமல், சட்ட உதவி பெற்ற பிறகே முடிவு எடுங்கள்.

உரலின் மேல் நின்று சொன்னது

மேற்கு வீட்டு அக்காவுக்கு நான் போய்ச் சொல்லவா என்று கேட்டேன். "வேண்டாம். மறைச்சது நான், சொல்லுறதும் நான்தான்" என்றார்.

அடுத்த நாள் காலை. மேற்கு வீட்டு அக்கா கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான், ஏதோ படிவம் நிரப்புவதுபோல். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ உருளும் சத்தம். பிறகு தகரத்துக்கு மேலால் கிழக்கு வீட்டு அக்காவின் தலை எழும்பியது. உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார்.

"அக்கா, பெட்டையைப் பேசாதேங்கோ. அது நான்."

"எது நீ?"

"உங்கட தம்பி."

கயிறு கையை விட்டது. வாளி கிணற்றுக்குள் போய் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மேற்கு வீட்டு அக்கா கேட்ட முதற் கேள்வி, "அப்ப அந்தக் கூழ்..?"

"அவருக்குச் சீனியெல்லோ அக்கா."

ஊர் என்ன சொல்லும் என்றுதான் அவர் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். "பாலத்தில என்னைத் தோளில கொண்டு போனவள். இவளுக்கு நான் என்னத்தைச் சொல்லாமல் விட்டனான்? எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லைப் பிள்ளை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். இரண்டு மாதம் பேச்சில்லை. அவருக்கும் நியாயங்கள் இருந்தன. ஓட்டோ லீசிங் கட்டுவதில் தம்பியின் காசும் சேர்ந்திருந்தது. அதைவிட, வன்னியிலிருந்து எலும்பும் தோலுமாக வந்த தம்பியைச் சோறு ஊட்டி மனிதனாக்கியவர் அவர். இவனும் போய்விட்டால் தனக்கு யார் என்ற பயம் அவருக்கு இருந்தது. ஒருநாள் அவர் அழுதபோது தம்பி பத்தியிலிருந்து எழும்பி வந்து சொன்னாராம், "அக்கா, நான் எங்க போறன்? வேலிக்கு அங்கால."

அதன் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. ஒரு காலையில் பார்த்தால் தகரம் ஐந்துதான் நின்றது. அது அத்தானின் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. பிறகு நாலு. அது பெடியன். இப்படியே ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் பொட்டை மறைத்த ஒரே தகரம் மட்டும் மிஞ்சியது. அது ஒரு கிழமை அசையாமல் நின்றது. பிறகு அதுவும் போனது.

"கடைசித் தகரத்தை ஆரக்கா கழட்டினது?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? காத்துக்குக் கழண்டிருக்கும்" என்றார் மேற்கு வீட்டு அக்கா. நான் வேலியடிக்குப் போய்ப் பார்த்தேன். தகரம் மடியாமல் மதிலில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆணிகள் நாலும் ஒரு பால்மாப் பேணிக்குள் கிடந்தன. காற்று ஆணியைப் பேணிக்குள் போடாது, சகோதரிகளே.

பொட்டும் படலையும்

2025 தை மாதத்தில் பதிவுத் திருமணம். பெடியனின் ஓட்டோவில்தான் போனோம். விடியற்காலை கிழக்கு வீட்டு அக்கா சேலை உடுத்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நெற்றிக்கு வைப்பதா விடுவதா என்று கை போவதும் வருவதுமாக இருந்தது. மகள்தான் சொன்னாள், "இத்தினை வருசமா வேலியில பொட்டு இருந்தது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நெத்தியில வைச்சா மட்டும் என்னவாம்?"

பின்பக்க வாசலில் சத்தம். மேற்கு வீட்டு அக்கா பொட்டால் நுழைந்து வந்திருந்தார். வருவார் என்று நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை. ஒன்றும் பேசாமல் குங்குமச் செப்பை வாங்கி, ஒற்றை விரலால் தொட்டு, தானே வைத்துவிட்டார். "கையை ஆட்டாமல் நில்லடி" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் மனம் மாறவில்லை. இறந்தவரின் தமையன் இன்றும் அந்த ஒழுங்கைப் பக்கம் வருவதில்லை. மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த ஓர் இடம் நின்றுபோனது உண்மை. "அம்மாவில குறை காணுற இடம் எனக்கு வேண்டாம் மிஸ்" என்றாள். அவளுக்குக் கவலையே இல்லை என்று நான் எழுத மாட்டேன். ஆனால் தலை நிமிர்ந்துதான் வேலைக்குப் போய்வருகிறாள்.

பொட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்னப் படலை இருக்கிறது. பம்பு திருத்துகிறவரே செய்து போட்டது. கழற்றிய தகரம்தான் அதற்கும் உதவியது. 2025 ஆடிப்பிறப்பன்று அந்தப் படலையால் மேற்கு வீட்டுக்கு ஒரு சட்டி கூழ்தான் போனது. பனங்கட்டி போடாதது இப்போது வீட்டிலேயே நின்றுவிடுகிறது.

சகோதரிகளே, உங்கள் வேலிக்கு அங்காலும் ஒருத்தி இருப்பாள். அவளுக்குச் சோறு கொடுத்திருப்பீர்கள், துணைக்குப் படுத்திருப்பீர்கள், அவளோடு சேர்ந்து அழுதிருப்பீர்கள். அடுத்த முறை அவளைக் காணும்போது 'பாவம்' என்று தொடங்காமல், "என்னடி புதினம்?" என்று கேட்டுப் பாருங்கள். அவளிடம் சொல்ல ஏதாவது இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். தனியாக இருப்பதுதான் தனக்கு நிம்மதி என்கிறவளும் இருக்கிறாள். எதுவென்றாலும் அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். மறைக்கத் தேவையில்லாமல் அவள் வாழ்வதற்கு இடம் விடுவது எங்கள் வேலை.

கடைசியாக ஒன்று. பெடியனின் 'வேற ஆள்' விசயத்தை இங்கே எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்கோ அக்கா, இப்பிடியாவது அம்மாவுக்குத் தெரியட்டும்" என்றான். இரு வீட்டாருக்கும் வாசித்துக் காட்டிய அன்று, அந்த இடம் வந்ததும் மேற்கு வீட்டு அக்கா வாசிப்பை நிறுத்தச் சொன்னார். மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மதிலில் சாத்தியிருந்த மிச்சத் தகரத்தையும் பார்த்தார்.

அது இன்னொரு வேலிக் கதை. அடுத்த மாதம் சந்திப்போம்.